அசையும் சொத்து

நாங்கள் சுவரை அறுத்துக்கொண்டிருந்தோம்.
மேலே மூன்றாம் மாடியில் ஒரு சிறுமி
பியானோவில் ஒரே வரியை
திரும்பத் திரும்பத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

க்யூம்ரி நகரம், பிப்ரவரி.
ரோஜா நிற எரிமலைக்கல்லில் எழுந்த ஐந்து மாடி.
குடியிருப்பவர்களை வெளியேற்றாமலே
அடித்தளத்தை அறுப்பதென்று முடிவு.
முடிவு பொறியாளருடையது என்று காகிதம் சொல்லும்.
உண்மையில் அது பியானோ டீச்சர் சாத்தெனிக்கினுடையது.

"எண்பத்தெட்டு டிசம்பரில் ரொட்டி வாங்கப் போனேன்.
திரும்பினால் தெரு இருந்தது,
முகவரி இல்லை.
இனி எந்த வீட்டையும் விட்டு வெளியே போய்
அது நிற்குமா என்று காத்திருக்க மாட்டேன்.
நீங்கள் கீழே அறுங்கள்.
எனக்கு நாலரை மணிக்குப் பாடம் இருக்கிறது."

ஆகவே ஒரு முழம் அறுப்போம்.
எஃகுச் சட்டம் செருகுவோம்.
நோரைர் ஜாக்கியை ஏற்றுவான்,
கடுகளவு, இன்னொரு கடுகளவு.
வீட்டின் பாரம் கல்லை விட்டு இறங்கி
அவன் உள்ளங்கைக்கு வரும் அந்த நேரம்
அவன் மூச்சு விடுவதில்லை.
மேலிருந்து காபி பொங்கும் வாசனை மட்டும் வரும்.

பிறகு அந்த ரப்பர்.
முதல் நாள் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.
பாலாடைக்கட்டிச் சக்கரம் அளவுதான். கறுப்பு.
உள்ளே ரப்பர், இரும்புத் தகடு, ரப்பர், இரும்புத் தகடு.
ரப்பரைப் பிதுங்க விடாது தகடு.
தகட்டை முறைத்துக்கொண்டு நிற்க விடாது ரப்பர்.
கல்யாணம் மாதிரி என்றான் நோரைர்.
இரண்டு முறை செய்துகொண்டவன்.

மேலிருந்து அழுத்தினால் மறுப்பு.
பக்கத்தில் தள்ளினால் சம்மதம்.

இருபது வருடமாக எனக்குத் தெரிந்த ஒரே பாஷை
இறுக்கு என்பதுதான்.
இன்னும் கம்பி, இன்னும் சிமெண்டு,
பூமியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்.
இப்போது சொல்கிறார்கள்,
நடுங்குகிறவன் கையைப் பிடித்தால் நீயும் நடுங்குவாய்,
விடு.
பூமி பத்து முறை வெட்டி இழுக்கட்டும்.
வீடு சோம்பலாக
இரண்டு முறை போய் வந்தால் போதும்.

ஜூனில் கடைசித் துண்டை அறுத்தேன்.
அதன் பிறகு அந்த வீட்டின் ஒரு கல்கூட
மண்ணைத் தொடவில்லை.
பத்திரத்தில் இன்னும் அசையாச் சொத்து.
யாரும் திருத்தவில்லை.

தண்ணீர்க் குழாய்களுக்கு வளையும் கழுத்து வைத்தோம்.
வீட்டைச் சுற்றி ஓர் இடைவெளி விட்டோம்.
தரைத்தளத்துத் தாத்தூல் முதல் வாரமே
அதில் தக்காளி ஜாடிகளை அடுக்கினார்.
எடுக்கச் சொன்னோம்.
விறகு வைத்தார்.
எடுக்கச் சொன்னோம்.
"சும்மா கிடக்கிற இடம்தானே?"
சும்மா கிடப்பதுதான் அதன் வேலை என்று புரியவைக்க
எனக்குப் பாதி நாள் ஆயிற்று.
புரிந்ததாகத் தலையாட்டினார்.

பிறகு நான் வேறு ஊர், வேறு சுவர்.
மூன்று வருடம் கழித்து ஓர் அக்டோபர் இரவு.
பெரியது என்று சொல்ல முடியாது,
எதிர்வீட்டுப் புகைக்கூண்டைத் தெருவில் போடும் அளவுக்கு இருந்தது.
விடிந்ததும் சாத்தெனிக்கைக் கூப்பிட்டேன்.

"கோப்பையில் காபி
இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய் வந்தது.
சிந்தவில்லை.
எழுந்தேன். கோட்டைப் போட்டேன்.
கதவுவரை போய்ச் செருப்பை மாட்டினேன்."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அப்புறம் கழற்றிவிட்டேன்."

பியானோவின் சுருதி கலைந்ததா என்றேன்.
அது எப்போது சேர்ந்திருந்தது என்றாள்.

தாத்தூல்தான் பாவமாம்.
ஒரே ஒரு ஜாடியை
வீட்டுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே,
இரண்டு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து,
யாருக்கும் தெரியாமல் செருகி வைத்திருந்தார்.
காலையில் போய்ப் பார்த்தால் கண்ணாடித் தூள்.
ஈரமான ரோஜா நிறக் கல்லில்
இரண்டு விரல் அகலத்துக்குச் சிவப்பு.

வீடு எவ்வளவு தூரம் போய் வந்தது என்பதற்கு
எங்களிடம் இருக்கும் கணக்கு
அதுதான்.